மாணவர் உதவிப்பணமும் பெற்றோருறவு முறிந்த பிள்ளைகளும்: பரந்தனை முன்னிறுத்திய ஒரு வரலாற்று நோக்கு

பல்கலைக்கழகத்துக்குச் செல்லும் மாணவரிடம் இலங்கை அரசு இரண்டு வினாக்களை வினவுகின்றது. எந்த மாவட்டத்தில் கற்றீர் என்பது ஒன்று. பெற்றோரின் வருமானம் யாது என்பது மற்றொன்று. முதல் வினாவின் விடை அனுமதியைப் பாதிக்கின்றது. இரண்டாவது வினாவின் விடை, அனுமதி பெற்றவர் மூன்று நான்கு ஆண்டுகள் உண்டு உறைந்து கற்பதற்கான உதவியைத் தீர்மானிக்கின்றது.

கிளிநொச்சி மாவட்டத்துப் பரந்தனிலிருந்து வரும் மாணவருக்கு முதல் வினா இடர் தருவதில்லை. இன்றைய அனுமதி முறையில் பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீத இடங்கள் நாடளாவிய திறமை அடிப்படையிலும், 55 வீத இடங்கள் மாவட்ட அடிப்படையிலும், எஞ்சிய 5 வீதம் கல்வி வாய்ப்புக் குறைந்த மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகின்றன. அம்மாவட்டங்களுள் கிளிநொச்சியும் ஒன்று. இரண்டாவது வினாவே சிலருக்கு இடர் தருவதாகும். தந்தை உயிரோடு இருக்கின்றார். ஆனால் வேறோர் ஊரில் வேறொரு குடும்பத்தோடு வாழ்கின்றார். தாய் மறுமணம் செய்துகொண்டு பிள்ளையோடு தொடர்பற்றுப் போனார். அன்றேல் இருவரும் ஒரே வீட்டில் வாழ்கின்றனர். விருப்பமில்லாத திருமணத்துக்கோ அடி உதைக்கோ அஞ்சி மகள் அவ்வீட்டை விட்டு வெளியேறித் தாயின் தாயுடன் தங்கிப் படிக்கின்றாள். இத்தகையோரைப் பொறுத்தமட்டிற் பெற்றோர் வருமானம் என்பது யாருடைய வருமானம்? அவ்வருமானத்திலிருந்து ஒரு சதமேனும் பிள்ளையின் கைக்கு வராதபோது, அதனைக் கொண்டு பிள்ளையின் தேவையை அளப்பது எங்ஙனம் பொருந்தும்?

இவ்வினாக்களுக்கு விடை காண விழைவோர், பெற்றோரின் வருமானம் மாணவர் உதவியின் அளவுகோலாக எவ்வாறு வந்தது என்பதை நோக்குதல் வேண்டும். அதற்கு முன்னர், பிள்ளைக்கும் பெற்றோர் பொருளுக்கும் இடையிலான உறவை இம்மண்ணின் பழைய வழமை எவ்வாறு கண்டது என்பதும் நோக்கற்பாலது.

தேசவழமை கண்ட பிள்ளை

வடபகுதித் தமிழரின் வழமைகள் ஒல்லாந்தர் ஆட்சியிலே கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் அதிகாரியால் 1706, 1707 ஆம் ஆண்டுகளிலே தொகுக்கப்பட்டன. தமிழ் முதலியார் பன்னிருவர் அத்தொகுப்பைப் பார்வையிட்டு ஏற்றனர். பின்னர் ஆங்கிலேயர் 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்க ஒழுங்குவிதியால் அதற்குச் சட்ட வலு அளித்தனர். தேசவழமை என வழங்கும் இத்தொகுப்பு பெரும்பாலும் சொத்துப் பற்றியதேயாயினும், குடும்பத்தைப் பற்றிய ஒரு தெளிந்த கருத்தும் அதனுட் பொதிந்துள்ளது.

மணமாகாத ஆண்மக்கள் ஈட்டும் பொருள் குடும்பத்தின் பொதுத் தேட்டத்தைச் சேர வேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று. பிள்ளையின் உழைப்பும் பெற்றோரின் பொருளும் ஒரே பெட்டகத்தில் இருந்த காலத்தின் விதி அது. அத்தகைய சமூகத்திலே பெற்றோரின் நிலையைக் கேட்டறிந்தாற் பிள்ளையின் நிலை தானே விளங்கும்.

ஆனால், அந்தப் பெட்டகம் உடைவதும் உண்டு என்பதைத் தேசவழமை அறிந்திருந்தது. மனைவி இறந்தபின் கணவன் மறுமணம் செய்ய விரும்பினால், இளம்பிள்ளைகளை இறந்தவளின் தாயோ அடுத்த உறவினரோ பொறுப்பேற்று வளர்ப்பது வழக்கம். அவ்வாறு பொறுப்பேற்கும்போது, இறந்தவள் கொண்டுவந்த சீதனம் முழுவதையும், அத்திருமண காலத்திலே தேடிய தேட்டத்திற் பாதியையும் தந்தை பிள்ளைகளோடு சேர்த்து ஒப்படைக்க வேண்டும் என்று அது விதித்தது. பிள்ளை எந்த வீட்டுக்குப் போகின்றதோ அந்த வீட்டுக்குப் பொருளும் போக வேண்டும் என்பதே இவ்விதியின் உட்கிடை. தந்தை செல்வராக இருக்கின்றார் என்பதைக் காட்டி, பேரப்பிள்ளையை வளர்க்கும் முதியவளுக்கு ஒன்றும் வேண்டியதில்லை என்று வழமை கூறவில்லை.

இவ்விதியின் எல்லையும் கூறப்படல் வேண்டும். தாயின் மரணத்தையும் தந்தையின் மறுமணத்தையும் முன்னிட்டதே அது. பெற்றோர் இருவரும் உயிரோடிருக்க, மனமுறிவால் விலகிய பிள்ளையைப் பற்றி அது பேசவில்லை. ஆயினும், பிள்ளையின் இருப்பிடத்தையும் பொருளின் இருப்பிடத்தையும் வேறுபடுத்திக் கண்டமை அதன் சிறப்பாகும். பிற்காலத்து அரசு உதவித் திட்டங்கள் தவறவிட்டது இவ்வேறுபாட்டையே.

புலமைப்பரிசிலும் இலவசக் கல்வியும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே இலங்கையர் சிலர் இங்கிலாந்து சென்று கற்கப் பல்கலைக்கழகப் புலமைப்பரிசில்கள் வழங்கப்பட்டன. சேர் பொன்னம்பலம் அருணாசலம் அத்தகைய பரிசிலைப் பெற்றே கேம்பிரிட்ஜ் சென்றார். போட்டித் தேர்வில் முதன்மை பெறுதலே அதற்குரிய தகுதி. பரிசில் என்ற சொல்லுக்குப் பொருந்த, அது திறமைக்குக் கிடைத்த கொடையேயன்றி வறுமைக்குக் கிடைத்த துணையன்று. ஆயின் அத்தேர்வுக்கு ஆயத்தமாகுமளவுக்கு ஆங்கிலக் கல்வி பெற வசதி படைத்தோர் மிகச் சிலராகவே இருந்தமையால், வறியோர் அதன் வாயிலைக்கூட நெருங்கவில்லை.

இந்நிலையை மாற்றியவர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா. அவரது தலைமையிலான விசேட குழுவின் அறிக்கை 1943 ஆம் ஆண்டு வெளிவந்தது. 1945 ஒக்டோபர் முதலாந் திகதி தொடக்கம் பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசமாயிற்று. இத்திட்டத்தின் பெருமையைப் பலரும் பேசுவர். அவ்வளவாகப் பேசப்படாத ஒரு கூறு ஈண்டுக் கருதத்தக்கது. கட்டணத்தைப் பொறுத்தவரை, தந்தை யார், அவருக்கு எவ்வளவு வருமானம், அவர் மகனோடு பேசுகின்றாரா என்னும் வினாக்கள் யாவும் அன்றோடு பொருளற்றுப் போயின. அரசுக்கும் பிள்ளைக்கும் இடையே நேரான உறவு ஒன்று உருவாயிற்று.

ஆனால், கட்டணம் இல்லாமையால் மட்டும் ஒரு பிள்ளை கற்றுவிட முடியாது. உணவும் உறைவிடமும் வேண்டும். எனவேதான் மத்திய பாடசாலைகளோடு இணைத்து ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் ஏற்படுத்தப்பட்டது. திறமை மிக்க கிராமத்துப் பிள்ளைகள் அரசின் செலவிலே விடுதியில் தங்கிக் கற்றனர். காலப்போக்கில் இப்பரீட்சையிற் சித்தியடைந்தோருள் யாருக்கு உதவிப்பணம் என்பதைப் பெற்றோரின் வருமானமே தீர்மானிப்பதாயிற்று. இவ்வாறு ஒரே கல்வி முறைமையினுள் இரண்டு கொள்கைகள் அருகருகே நிலைபெற்றன. கற்பித்தலில் அரசு பிள்ளையை நோக்கியது. உணவூட்டலிற் பெற்றோரை நோக்கியது.

1942 ஆம் ஆண்டு நிறுவப்பட்ட இலங்கைப் பல்கலைக்கழகம் 1952 இல் பேராதனைக்கு இடம்பெயரத் தொடங்கியது. 1960 தொடக்கம் சுயமொழிகளிற் பட்டக்கல்வி கற்பிக்கப்பட்டதும், கமக்காரரின் மக்களும் கூலித் தொழிலாளரின் மக்களும் பெருந்தொகையாகப் பல்கலைக்கழகம் புகுந்தனர். யாழ்ப்பாணத்திலே 1974 இல் வளாகமும் 1979 இல் தனிப் பல்கலைக்கழகமும் அமைந்தன. உதவி வேண்டுவோர் தொகை பெருகப் பெருக, அவர்களுள் வறியோரைத் தெரிந்தெடுப்பதற்கு ஒரு சான்று தேவையாயிற்று. அச்சான்றைத் தருபவர் கிராமத்து அலுவலரே. 1963 இல் பழைய விதானைமார் முறை ஒழிக்கப்பட்டுக் கிராம சேவையாளர் பதவி ஏற்படுத்தப்பட்டது. இன்று அவர் கிராம அலுவலர் எனப்படுகின்றார். மாதச் சம்பளம் இல்லாத கமக்காரனின் வருமானம் மழையையும் குளத்தையும் சந்தை விலையையும் பொறுத்தது. அதனை மதிப்பிட்டுக் கையொப்பமிடும் பொறுப்பு அவருடையதாயிற்று.

மகாபொல

மாணவர் உதவி வரலாற்றின் அடுத்த திருப்பம் 1981 ஆம் ஆண்டின் 66 ஆம் இலக்க மகாபொல உயர்கல்விப் புலமைப்பரிசில் நம்பிக்கை நிதியச் சட்டமாகும். அன்றைய வர்த்தக அமைச்சர் லலித் அத்துலத்முதலி இதன் கர்த்தா. மகாபொல என்ற பெயரில் நாடெங்கும் நடத்தப்பட்ட வர்த்தகக் கண்காட்சிகளின் வருவாயும், பின்னர் அபிவிருத்தி லொத்தர் சபையின் இலாபத்தில் ஒரு பங்கும் இந்நிதியத்துக்குச் சேர்ந்தன. வரிப்பணத்தை மட்டும் நம்பியிராது, சந்தைக்கு வருவோரும் லொத்தர்ச் சீட்டு வாங்குவோரும் ஒருங்கே மாணவரைத் தாங்கும் ஏற்பாடு அது.

மகாபொலவிலே திறமைப் பரிசில், சாதாரண பரிசில் என இரு வகைகள் ஏற்பட்டன. மகாபொல கிடையாதோருட் பலருக்குப் பல்கலைக்கழகங்களூடாகப் பர்சரி எனப்படும் உதவிப்பணம் கிடைக்கின்றது. 2025 ஆம் ஆண்டின் வரவுசெலவுத் திட்டத்திலே மகாபொலவின் மாதாந்தத் தொகையை 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாகவும், பர்சரியை 4,000 ரூபாவிலிருந்து 6,500 ரூபாவாகவும் உயர்த்த முன்மொழியப்பட்டது. வீட்டிலிருந்து பணம் வரும் மாணவருக்கு இத்தொகை கைச்செலவுக்கு உதவும். வீடென்று ஒன்று இல்லாத மாணவருக்கோ இதுவே சோறும் அறை வாடகையும் ஆகும்.

விண்ணப்பப் படிவங்கள் பெற்றோரின் தொழில், வருமானம், கற்கும் சகோதரர் தொகை முதலியவற்றை வினவுகின்றன. கிராம அலுவலர் சான்றுரைக்கப் பிரதேச செயலாளர் அதனை உறுதிப்படுத்துகின்றார். தந்தை அரச ஊழியராயின் அவரது சம்பள விபரம் வேண்டப்படும். இவ்விடத்தில் ஒரு முரண்பாடு தோன்றுகின்றது. ஒரு மாணவியின் தந்தை கூலி வேலை செய்து, அவளைக் கைவிட்டு வேறிடத்தில் வாழ்கின்றாரெனின், வருமானம் குறைவென்பதால் அவளது விண்ணப்பம் ஒருவாறு நிறைவேறிவிடும். அதே தந்தை நிரந்தரச் சம்பளம் பெறும் ஊழியரெனின், அவரிடமிருந்து கடிதமொன்றைக்கூடப் பெறமுடியாத மகள் வசதியுள்ளவளாகக் கணிக்கப்படுவாள். இருவரின் கைகளும் ஒரே அளவில் வெறுமையாக இருக்கின்றன. கணக்கில் மட்டுமே அவர்கள் வேறுபடுகின்றனர்.

பரந்தனும் குடும்பமும்

இவ்விடர் நாடெங்கும் உள்ளதே. ஆயினும் பரந்தன் போன்ற ஊர்களில் அது ஏன் கூர்மையடைகின்றது என்பதை அவ்வூரின் வரலாறே விளக்கும். பரந்தன் ஒரு சந்தி. யாழ்ப்பாணத்தையும் கண்டியையும் இணைக்கும் ஏ-9 வீதியிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் ஏ-35 வீதியும் பூநகரிக்குச் செல்லும் வீதியும் இங்குதான் பிரிகின்றன. இரணைமடுக் குளத்து நீரை நம்பிய வயல்கள் ஒருபுறம்; ஆனையிறவு உப்பை மூலப்பொருளாகக் கொண்டு 1950களில் எழுந்து 1980களின் போர்ச்சூழலில் முடங்கிய இரசாயனத் தொழிற்சாலை மறுபுறம். குடாநாட்டிலிருந்து காணி தேடி வந்தோர், தொழிற்சாலை வேலைக்கு வந்தோர், 1958, 1977, 1983 ஆம் ஆண்டுகளின் வன்செயல்களுக்குத் தப்பித் தெற்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் வந்தோர் எனப் பல திசை மக்கள் குடியேறிய நிலப்பகுதி இது. பல தலைமுறை உறவினர் ஒரே வளவில் வாழும் குடாநாட்டு ஊர்களினின்றும் இக்குடியிருப்புகள் வேறுபட்டவை. இங்கே ஒரு குடும்பம் உடைந்தால், பிள்ளையை ஏற்க அடுத்த வீட்டிலே சிற்றப்பாவோ பெரியம்மாவோ இருப்பது உறுதியன்று.

மலையகத்திலிருந்து வந்தோர் தந்தைவழிச் சான்றின் கொடுமையை முன்பே அறிந்தவர்கள். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், இந்நாட்டிற் பிறந்தவர்களிடமும் அவர்தம் தந்தையின் பிறப்புக்குச் சான்று கேட்டது. அச்சட்டத்தால் உரிமையிழந்தோரில் எஞ்சியிருந்தோருக்கு 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டமே வழி திறந்தது. பிள்ளையைப் பிள்ளையாக நோக்காது தந்தையூடாக நோக்கும் ஆட்சிப் பழக்கம் எத்துணை ஆழமானது என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டியதில்லை.

இதற்கு மாறான பழக்கமொன்றும் இதே வீதியோரத்தில் இருந்தது என்பது வியத்தற்குரியது. பரந்தனிலிருந்து ஏ-35 வீதி வழியே கிழக்கு நோக்கிச் சென்றால் தருமபுரத்தைக் கடந்து விசுவமடு வரும். 1960களின் பிற்பகுதி தொடக்கம் விசுவமடு, முத்தையன்கட்டு முதலிய இடங்களிலே படித்த வாலிபர் குடியேற்றத் திட்டங்கள் உருவாயின. கல்வி கற்றும் வேலை கிடைக்காத இளைஞருக்கு அரசு காணி வழங்கியது. 1970 தொடக்கம் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு நிலவிய ஆண்டுகளிலே அவர்கள் மிளகாயும் வெங்காயமும் பயிரிட்டுச் செழித்த கதையை வன்னியில் இன்றும் முதியோர் நினைவுகூர்வர். அத்திட்டத்தின் பெறுநர் இளைஞரே, தந்தையர் அல்லர். ஓர் இளைஞன் தன் குடும்பத்திலிருந்து தனித்து ஓர் அலகாக நிற்கக்கூடியவன் என்பதை மண்வெட்டியைக் கொடுக்கும்போது அரசு ஏற்றுக்கொண்டது. புத்தகத்தைக் கொடுக்கும்போதோ அதே வயதினனைத் தந்தையின் நிழலாகவே கண்டது.

பின்னர் வந்த போர் குடும்பம் என்னும் அமைப்பையே சிதைத்தது. 1995 இன் இறுதியில் குடாநாட்டிலிருந்து பெருந்தொகையானோர் வன்னிக்கு இடம்பெயர்ந்தனர். 1996 இல் கிளிநொச்சி இராணுவத்தின் வசமாயிற்று. 1998 இல் மீண்டும் கைமாறிற்று. 2009 சனவரி தொடக்கத்திற் பரந்தனும் கிளிநொச்சியும் இராணுவத்தின் வசமாகியபோது மக்கள் ஏ-35 வீதி வழியே கிழக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்தனர். அவ்வாண்டு மே மாதத்திற் போர் முடிந்ததும் எஞ்சியோர் வவுனியா மெனிக் பாம் முகாம்களில் அடைக்கப்பட்டனர். ஓகஸ்ட் மாத உயர்தரப் பரீட்சையை மாணவர் அம்முகாம்களுக்குள் இருந்தே எழுதினர்.

போரின் இறுதியாண்டுகளிலே கட்டாய ஆட்சேர்ப்புக்கு அஞ்சிப் பல பெற்றோர் தம் மக்களுக்கு இளவயதிலேயே திருமணம் செய்துவைத்தனர் என்பதும் பதிவாகியுள்ளது. அத்திருமணங்கள் அச்சத்தாற் செய்யப்பட்டவை. பல பதிவு செய்யப்படாதவை. அச்சம் நீங்கியபின் அவற்றுட் சில நிலைக்கவில்லை. அவ்வாண்டுகளிற் பிறந்த குழந்தைகள் இப்பொழுது உயர்தர வகுப்பிலும் பல்கலைக்கழக வாயிலிலும் நிற்கின்றனர். தம் பெற்றோரின் திருமணத்துக்கே பத்திரமில்லாத பிள்ளைகள், அத்திருமணம் முறிந்ததற்குப் பத்திரத்தை எங்கிருந்து கொண்டுவருவர்?

மூவகைப் பிரிவும் இருவகைச் சான்றும்

பெற்றோரைப் பிள்ளை இழக்கும் வழிகள் மூன்று. மரணம், காணாமற்போதல், உறவு முறிதல் என்பன அவை. மரணத்துக்குச் சான்றிதழ் நெடுங்காலமாகவே உண்டு. காணாமற்போதலுக்கு நீண்டகாலம் சான்று இருக்கவில்லை. 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம் காணாமற்போனோருக்கு மரணச் சான்றிதழ் பெறவே வழி செய்தது. தேடிக்கொண்டிருக்கும் ஒருவரை இறந்தவரென ஒப்பமிட உறவினர் பலர் உடன்படவில்லை. அவர்களது நியாயத்தைச் செவிமடுத்த சட்டமன்றம் 2016 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தை இயற்றியது. அதன்படி, ஒருவர் இறந்தார் என்று கூறாமலே அவர் காணாமற்போயுள்ளார் என்பதை உறுதிப்படுத்தும் சான்றிதழைப் பெறலாம். அத்தோடு உறவினரின் வினா அடங்கிவிடவில்லை. 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி கிளிநொச்சிக் கந்தசுவாமி கோவில் முன்றலில் அவர்கள் தொடங்கிய போராட்டம் ஆண்டுக்கணக்காக நீண்டது. எனினும், இரு நிலைகளுக்கும் இடைப்பட்ட ஒரு நிலையைச் சட்டம் பெயரிட்டு ஏற்றுக்கொண்டமை வரலாற்றில் முக்கியமான நிகழ்வாகும்.

மூன்றாவது வகைக்கோ இன்றுவரை இத்தகைய சான்று இல்லை. உயிரோடிருப்பவர், இருக்குமிடமும் அறியப்பட்டவர், ஆனால் பெற்றோராக இல்லாதவர் என்னும் நிலையை உதவிப்பண முறைமை தனியொரு வகுப்பாக வரையறுக்கவில்லை. ஆதலின் அத்தகைய மாணவரின் கதி, கிராம அலுவலர் ஒருவரின் இரக்கத்தையும் பல்கலைக்கழக அலுவலர் ஒருவரின் பொறுமையையும் நம்பி நிற்கின்றது. இரக்கம் நல்லதே. ஆனால் அது அலுவலர் மாறும்போது மாறிவிடக்கூடியது.

சட்டத்தின் இரு முகங்கள்

இலங்கையில் 1959 ஆம் ஆண்டு வாக்களிக்கும் வயது 18 ஆகக் குறைக்கப்பட்டது. 1989 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சட்டம் உரிய வயதை 21 இலிருந்து 18 ஆக்கியது. ஆகவே பல்கலைக்கழகம் புகும் மாணவர் சட்டத்தின் கண்ணில் முழு மனிதர். அவர் ஒப்பந்தம் செய்யலாம், வழக்குத் தொடரலாம், வாக்களிக்கலாம்.

மறுபுறத்தில், 1889 ஆம் ஆண்டின் பழைய தாபரிப்புக் கட்டளைச் சட்டத்தை நீக்கி வந்த 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம், 18 வயதுக்கு மேற்பட்டும் 25 வயதுக்கு உட்பட்டும் தம்மைத் தாமே பேண இயலாதிருக்கும் பிள்ளைகளைத் தாபரிக்கும் கடமையை வசதியுள்ள பெற்றோர் மீது சுமத்துகின்றது. பெற்றோரின் வருமானத்தை அளவுகோலாகக் கொள்வதற்குச் சட்ட அடிப்படை உண்டெனின், அது இதுவே. பெற்றோர் தாபரிக்கக் கடமைப்பட்டவர். ஆகவே அவர் தாபரிப்பார் எனக் கருதலாம் என்பது அதன் தருக்கம்.

ஆனால் கடமை இருப்பதும் கடமை நிறைவேறுவதும் ஒன்றல்ல. நிறைவேறாதபோது பிள்ளை நீதவான் நீதிமன்றத்திற் பெற்றோருக்கு எதிராக வழக்குத் தொடர வேண்டும். தந்தையின் வன்முறைக்கு அஞ்சி ஓடியவள் அழைப்பாணை மூலம் அவரை மீண்டும் தன்முன் வரவழைக்க வேண்டும். தமிழ்ச் சமூகத்திலே பெற்ற தாயை நீதிமன்றத்தில் நிறுத்திய பிள்ளை என்னும் பழியைச் சுமந்துகொண்டு எந்த ஊரில் வாழ்வது? முதலாம் ஆண்டு விரிவுரைகளுக்கு இடையே இதனைச் செய்யுமாறு பத்தொன்பது வயதினரிடம் எதிர்பார்த்தல் நடைமுறைக்கு ஒவ்வாது.

பிற நாடுகளின் அனுபவம்

இச்சிக்கலை வேறு நாடுகளும் எதிர்கொண்டன. இங்கிலாந்திலே 1960 ஆம் ஆண்டின் அன்டர்சன் குழு அறிக்கையைத் தொடர்ந்து, 1962 ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் மாணவர் மானியத்தை உரிமையாக்கியது. அங்கும் பெற்றோரின் பங்களிப்பு கணக்கிடப்பட்டது; பங்களிக்க மறுத்த பெற்றோரின் மக்கள் இடர்ப்பட்டனர். காலப்போக்கில் மானியம் கடனாக மாறிற்று. ஆயினும், பெற்றோரோடு மீளிணைய முடியாதவாறு உறவு முறிந்த மாணவரைச் சுதந்திரமான மாணவராகக் கொள்ளும் விதி அங்கு நிலைபெற்றது. ஆசிரியர், மருத்துவர், சமூக சேவையாளர் போன்ற மூன்றாமவர் ஒருவரின் கடிதம் அதற்குச் சான்றாக ஏற்கப்படுகின்றது.

செருமனியில் 1971 ஆம் ஆண்டின் கல்வி ஊக்குவிப்புச் சட்டம் வேறொரு வழியைக் கண்டது. பெற்றோர் தமது பங்கைத் தர மறுத்து, அதனால் மாணவரின் கல்வி இடருக்குள்ளாகுமாயின், அரசு அத்தொகையை முற்பணமாக மாணவருக்கு வழங்கும். மாணவருக்குப் பெற்றோர் மீதிருந்த உரிமை அரசைச் சேரும். அரசே பெற்றோரிடம் அறவிடும். வழக்காடும் சுமை பிள்ளையின் தோளிலிருந்து இறங்குகின்றது.

அமெரிக்காவிலே 1992 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 24 வயது நிரம்பாத மாணவர், மணமானோர், பெற்றோரை இழந்தோர் முதலிய சில வகுப்பினர் நீங்கலாக, பெற்றோரைச் சார்ந்தவராகவே கொள்ளப்பட்டனர். 2020 இன் இறுதியில் நிறைவேறிய சட்டம், பெற்றோர் கைவிட்டமையையும் உறவு முறிந்தமையையும் அசாதாரண சூழ்நிலைகளாக வெளிப்படையாகப் பெயரிட்டது. அவற்றை ஆராய்ந்து முடிவெடுக்கும் ஒழுங்கு ஒவ்வொரு கல்லூரியிலும் இருத்தல் வேண்டும் எனவும், ஒருமுறை ஏற்கப்பட்ட நிலை மாறாதவரை அடுத்த ஆண்டிலும் ஏற்கப்படும் எனவும் அது விதித்தது. தன் துயரத்தை ஆண்டுதோறும் புதிதாக எடுத்துரைக்கும் கொடுமை இதனால் நீங்குகின்றது.

தமிழ்நாட்டில் 2022 செப்டெம்பர் மாதம் தொடங்கப்பட்ட புதுமைப் பெண் திட்டம் இன்னுமொரு வழியைக் காட்டுகின்றது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிற் கற்ற மாணவியர் உயர்கல்வி கற்கையில் மாதந்தோறும் 1,000 ரூபாய் அவர்தம் வங்கிக் கணக்கிற் சேர்கின்றது. பெற்றோரின் வருமானம் அங்கே தகுதியை முடிவு செய்வதில்லை. கற்ற பள்ளியே அளவுகோல். 2024 இல் மாணவருக்கும் இதனையொத்த தமிழ்ப் புதல்வன் திட்டம் தொடங்கப்பட்டது. தொகை சிறிதே. ஆயினும் தந்தையின் கையொப்பம் இல்லாமலே பிள்ளையின் தேவையை ஊகிக்க முடியும் என்பதை அது காட்டிவிட்டது.

ஒரு மறுப்பும் அதற்கான விடையும்

இத்தகைய விதி இலங்கையில் வருமாயின், வசதி படைத்தோரும் தம் மக்களைப் பிரிந்தவராகக் காட்டி உதவியைப் பெற்றுவிடுவர் என்பது ஒரு மறுப்பு. இதனைப் புறக்கணித்தல் தகாது. நிதி அளவுக்குட்பட்டது, ஒருவர் பொய்யாகப் பெறுவது வறிய பிறிதொருவரின் பங்கையே. ஆனால் வருமானச் சான்றிலும் பொய் உண்டு என்பதை யாவரும் அறிவர். அதற்காக வருமானச் சான்று கைவிடப்படவில்லை; ஆராயும் முறைகளே வகுக்கப்பட்டன. உறவு முறிவுக்கும் அவ்வாறே செய்யலாம்.

அதற்கு வேண்டிய அலுவலர்கள் முன்னமே இருக்கின்றனர். பிரதேச செயலகங்களிற் சிறுவர், பெண்கள் தொடர்பான உத்தியோகத்தர் உள்ளனர். மாகாண மட்டத்தில் நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களம் உள்ளது. அம்மாணவரைப் பல ஆண்டுகள் கற்பித்த அதிபரும் ஆசிரியரும் உள்ளனர். ஒரு பிள்ளை யாருடைய வீட்டிலிருந்து பாடசாலைக்கு வந்தது, பெற்றோர் கூட்டத்துக்கு யார் வந்தார், பரீட்சைக் காலத்திற் சோறு கொண்டுவந்தவர் யார் என்பவற்றை அவர்கள் அறிவர். இவர்களுள் இருவரின் சான்று, சம்பளச் சீட்டொன்றைவிட உண்மைக்கு அண்மையது. தந்தையின் சம்பளச் சீட்டு தந்தையைப் பற்றியே பேசும்; இவர்களது சான்று பிள்ளையைப் பற்றிப் பேசும்.

பெற்றோருக்கு எதிராகப் பிள்ளைகளைத் தூண்டும் ஏற்பாடு இது எனச் சிலர் கருதக்கூடும். உண்மையில் உதவிக்காகப் பெற்றோரைப் பிரிபவர் அரியர். பிரிந்த பின்னரும் உதவி இல்லாமையால் தமக்குத் தீங்கு செய்த வீட்டுக்கே மீள்வோரும், கல்வியை விட்டு வேலை தேடுவோருமே கவலைக்குரியோர். கிளிநொச்சி அறிவியல்நகரிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியற் பீடங்கள் இயங்குகின்றன. வவுனியாப் பல்கலைக்கழகம் 2021 முதல் தனித்து இயங்குகின்றது. ஒருகாலத்திற் பேராதனைக்கோ கொழும்புக்கோ செல்ல வேண்டியிருந்த வன்னிப் பிள்ளைக்குப் பல்கலைக்கழகம் வீட்டுக்கு அண்மையில் வந்துவிட்டது. வீடே இல்லாத பிள்ளைக்கு அந்த அண்மையாற் பயனில்லை.

1707 இல் தொகுக்கப்பட்ட வழமை, பிள்ளை செல்லும் வீட்டுக்குப் பொருளும் செல்ல வேண்டும் என்றது. 1945 இன் சீர்திருத்தம், கற்கும் உரிமை பிள்ளைக்கே உரியது என்றது. 2016 இன் சட்டம், மரணமல்லாத இழப்பும் இழப்பே என ஒப்புக்கொண்டது. மாணவர் உதவிப்பணம் இம்மூன்றினின்றும் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்றே. பிள்ளை விட்டுவந்த வீட்டின் வருமானத்தை அன்று, பிள்ளை இன்று உண்டு உறங்கும் வீட்டின் நிலையையே அது அளத்தல் வேண்டும். படிவத்திலே அதற்கென ஒரு தனிக் கூறும், அதனை ஆராய ஒரு சிறு குழுவும் போதுமானவை. அவை அமையும்வரை, பரந்தனிலிருந்து திறமையால் இடம்பெற்று வரும் பிள்ளைகளுட் சிலர், தம்மைக் கைவிட்டவரின் சம்பளத்துக்காகத் தண்டிக்கப்பட்டுக்கொண்டே இருப்பர்.